அவன் காட்டுக்குப் போகும் ஆயத்தம்

வைகாசி கழிந்ததும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சனங்களிடையே ஒரு கேள்வி உலாவத் தொடங்கிவிடும்: "காட்டுவழி எப்ப திறக்குதாம்?" சந்தையில் கேட்பார்கள். கோயில் மண்டபத்தில் கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள். எந்தக் காடு, எந்த வழி என்று யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. உகந்தைமலை முருகன் கோயிலில் புறப்பட்டு, கூமுனைக் காட்டையும் யாலக் காட்டையும் ஊடறுத்து, கதிர்காமத்தில் போய்ச் சேரும் நடைவழி அது. மற்ற மாதங்களிலெல்லாம் யானைக்கும் சிறுத்தைக்கும் கரடிக்கும் உரிய இடம். கதிர்காமக் கந்தனின் ஆடிவேல் விழாவை ஒட்டி ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு மட்டும், அடியார்கள் கால்நடையாகப் போகக் கதவு திறக்கிறது. அந்த நாள் அறிவிக்கப்பட்டது என்று காதில் விழுந்ததும் என் உடம்பில் ஒரு படபடப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டில் செய்கிற எந்த வேலையும் வேலையாக இருக்காது. அரிசி புடைக்கும்போதும் அவன், துணி துவைக்கும்போதும் அவன்.

அரசாங்கப் பதிவில் இவை இரண்டு தேசியப் பூங்காக்கள். யால 979 சதுர கிலோமீற்றர். 1900இல் சரணாலயமாகி, 1938இல் தேசியப் பூங்காவானது. அதற்குக் கிழக்கே, கும்புக்கன் ஓயாவுக்கு இந்தப் பக்கம், கூமுனை. 356 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். 2006 வரைக்கும் அதை யால கிழக்கு என்றே சொன்னார்கள். ஆனால் எல்லை குறித்து வர்த்தமானியில் போடுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கதிர்காமத்தானைத் தேடி அடியார்கள் காடு கடந்திருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் அவனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். கண்டி அரசனிடம் நெடுங்காலம் சிறைப்பட்டுக் கிடந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681இல் வெளிவந்த தன் நூலில், இந்தத் தெய்வத்துக்கு நாட்டார் எப்படி அஞ்சி நடந்தார்கள் என்பதை எழுதிவைத்திருக்கிறார். பூங்கா வந்தது நேற்று. வழி அவனுடையது.

கல்தோணியில் வந்து உகந்தைக் கரையில் இறங்கினான் என்பது எங்கள் ஐதீகம். அந்தக் கடற்கரையில் தோணி போலக் கிடக்கும் பாறையைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவோம். அங்கிருந்து வேடர் குலத்து வள்ளியைத் தேடிக் காட்டுக்குள் நடந்தான். சூரனை வென்றவன், தேவர் படைக்குத் தலைவன், அத்தனை பட்டத்தையும் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, தினைப்புனம் காக்கும் ஒரு பெண்ணுக்காக முள்ளிலும் மணலிலும் நடந்தானே! அந்த மணலில் என் காலும் படப்போகிறது என்று நினைக்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. காதலித்தவன் கையில் எதைக் கொண்டு வந்தான்? வேலைத் தவிர ஒன்றுமில்லை. அப்படியானால் அவனைப் பின்தொடர்கிற நான் எதைச் சுமந்துகொண்டு போவது? என்னுடைய ஆயத்தம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது.

உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குச் சாதாரண நடையில் ஐந்தாறு நாட்கள் பிடிக்கும். வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்குமிடங்களை நாங்கள் மந்திரம் போல மனப்பாடமாகச் சொல்லுவோம். சிங்களத்தில் கும்புக்கன் ஓயா எனப்படுவதே எங்கள் வாயில் குமுக்கன். இந்த இடங்களில் கடை கிடையாது, கட்டடம் கிடையாது. மரநிழலும் மணலும்தான். ஆகவே வேண்டியதை முதுகில் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகிற ஒவ்வொன்றும் மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மடங்கு கனக்கும்.

அதனால் மூட்டை கட்டுவதை நான் பூசையாகவே செய்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை குளித்து, விளக்கேற்றி, பாயை விரித்துப் பொருட்களை ஒவ்வொன்றாக வைப்பேன். பச்சரிசி, பருப்பு, அவல், வறுத்த கடலை, சீனி, தேயிலை, உப்பு, மிளகாய்த்தூள். இஞ்சியும் கொத்தமல்லியும் சேர்த்து இடித்த பொடி ஒரு சிறங்கை. கால் வீங்கினால் தேய்க்கச் சித்தாலேப, காய்ச்சலுக்குப் பனடோல், குதிகால் வெடித்தால் கட்டப் பழந்துணி. ஒரு துவாய், மாற்றுடுப்பு, போர்த்திப் படுக்க ஒரு பருத்திச் சேலை. திருநீறு, கற்பூரம், தீப்பெட்டி. எல்லாம் வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "முருகா, இது இல்லாமல் நான் வருவேனா?" என்று கேட்பேன். ஆம் என்று மனசு சொன்னால் அது பாயை விட்டு இறங்கிவிடும். இரண்டாவது மாற்றுடுப்பு இறங்கும். தலையணை இறங்கும். கண்ணாடி, சீப்பு, தின்பண்டப் பொட்டலம் எல்லாம் இறங்கும். பாயில் மிஞ்சுகிற இடம் பெரிதாகப் பெரிதாக, அவன் வந்து அங்கே உட்காருவது போல எனக்கு ஒரு ஆனந்தம். இந்த ஆனந்தத்தை நான் எந்தக் கோயில் வாசலிலும் கண்டதில்லை என்று சொன்னால் அது மிகையல்ல.

உடம்பையும் ஆயத்தப்படுத்த வேண்டும். சித்திரையிலேயே மச்ச மாமிசத்தை விட்டு, விடியப்புறம் நடந்து பழக வேண்டும். தார் றோட்டில் நடந்து பழகினால் காணாது. காட்டுவழியில் பாதித் தூரம் மணல். வைத்த கால் புதைந்து, எடுக்கும்போது இன்னொரு நடை நடந்த அலுப்புத் தரும். குளக்கட்டு மண்ணிலும் கடற்கரையிலும் நடந்து பார்ப்பது நல்லது. வெறுங்காலோடு நடப்பதாக நேர்த்தி வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலைக் கும்பிடலாம். நேர்த்தி இல்லாதவர்கள் பழகிய செருப்போடு வரட்டும். புதுச் செருப்பு வேண்டாம்.

தனியாகப் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்தே கிடையாது. வேல் தாங்கிச் செல்லும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்துவிட வேண்டும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் என்று கிழக்குக் கரை முழுவதும் நடந்து வருகிற அடியார்கள் இருக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்த கால்கள் அவை. உகந்தையில் அவர்கள் வந்து சேருகிற நேரம் பார்க்க வேண்டும். கறுத்து மெலிந்த முகங்களில் கண் மட்டும் விளக்காக எரியும். அங்கே யாருக்கும் பெயர் இல்லை. வயது போனவரும் சாமி, பள்ளிக்கூடப் பையனும் சாமி. "சாமி, தண்ணி இருக்கா?", "சாமி, கொஞ்சம் தள்ளி இருங்க." வெள்ளை உடுத்த சிங்களத் தாய்மாரும் பாணமையிலிருந்து வந்து எங்களோடு நடப்பார்கள். அவர்களும் சாமிதான்.

நுழைவாசலில் வனஜீவராசிகள் திணைக்களத்தார் பெயரைப் பதிந்து உள்ளே விடுகிறார்கள். அன்றைக்கு விடியும்போது உகந்தை முருகனுக்குத் தீபம் காட்டி, வள்ளியம்மன் மலையேறிச் சுனைத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு கீழே இறங்குகையில், ஆயிரம் தொண்டை ஒன்றாகத் திறந்து "அரோகரா!" என்று எழும். அந்தச் சத்தம் பாறையில் மோதிக் கடலுக்குப் போய்த் திரும்பி வரும். கதவைத் தாண்டிய முதல் அடியில் எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்தில் வந்த வயது போன பெத்தா ஒருவர் என் தோளைத் தட்டி, "அழு புள்ள, நல்லா அழு. காட்டுக்குள்ள அழுதா அவனுக்கு மட்டும்தான் கேக்கும்" என்றார்.

இந்த வழி எங்களுக்குத் திரும்பக் கிடைத்த வழி. போர்க்காலத்தில் 1985 முதல் 2003 வரை கூமுனைப் பூங்கா மூடிக் கிடந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இந்த மணலை மிதிக்காமலே வளர்ந்தார்கள். பெத்தா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. வாகூரவெட்டையின் புல்வெளியில் அந்தி சாய்கையில், தூரத்தில் மேய்ந்த எருமைக் கூட்டத்தைப் பார்த்தபடி, "நான் உயிரோட இருக்கக்குள்ள தொறந்திட்டான்" என்று மட்டும் சொன்னார்.

கூமுனை வில் என்ற நீர்ப்பரப்பின் ஓரமாகப் போகும்போது நடையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வைகாசி, ஆனியில் அங்கே பறவைகள் கூடு கட்டும். கண்டல் மரங்களின் உச்சியில் நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் குஞ்சுக்கு இரை கொண்டுவருகிற ஆரவாரம் காதை நிறைக்கும். அதைக் கேட்டபோது, எங்கள் பசனைக்கு முன்பே இங்கே ஒரு பசனை நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. 1938இலேயே இந்த வில்லைப் பறவைகள் சரணாலயமாக்கியவர்களுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பிறகு குமுக்கன் ஆறு. இந்த ஆற்றைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆறாது. கூமுனைக்கும் யாலவுக்கும் இதுதான் எல்லை. மாரி மழைக்குப் பெருகி ஓடுகிற ஆறு, ஆனி ஆடியில் மெலிந்து, அனேகமாக இறங்கி நடக்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். காட்டுவழி இந்தக் காலத்தில் திறப்பதற்கு விழா ஒரு காரணம் என்றால், இந்த ஆறு வழிவிடுவது இன்னொரு காரணம். இரண்டு கரையிலும் மருதமரங்கள். நாலு பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாத அடிமரம், வெளுத்த பட்டை, வேர்கள் கரையை விட்டு இறங்கித் தண்ணீருக்குள் போயிருக்கும். வெயிலில் வெந்து வந்தவர்கள் அந்த நிழலுக்குள் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிடும்.

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. காலடியில் மணல் நழுவி நழுவி ஓடுவது விரல் இடுக்கில் தெரிந்தது. சின்ன மீன்கள் வெடித்த குதிகாலைக் கொத்தின. நடு ஆற்றில் நின்றேன். மேலே இலைகளுக்கு இடையால் வெயில் துண்டு துண்டாகத் தண்ணீரில் விழுந்து அசைந்தது. அந்த அசைவில் மயில் தோகை விரிகிறதைக் கண்டேன். கண்ணால் கண்டேனா, மனதால் கண்டேனா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. நெஞ்சு நிறைந்து, மூச்சு நின்று, "நீயா? நீயா?" என்று நான் கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அது நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது குளிர்ச்சி மட்டும். உள்ளங்காலில் தொடங்கி உச்சந்தலை வரை ஏறிய ஒரு குளிர்ச்சி. இத்தனை காலம் நான் தூக்கித் திரிந்த கோபம், கடன், நோய், பிள்ளைகளைப் பற்றிய பயம் எல்லாம் அந்த மணலோடு காலடியில் நழுவிப் போயின. அவன் இந்த ஆற்றைக் கடந்திருக்கிறான்! இதே தண்ணீர் அவன் முழங்காலிலும் மோதியிருக்கிறது! முருகா, உன்னை நான் சிலையில் கும்பிட்டிருக்கிறேன், வேலில் கும்பிட்டிருக்கிறேன், படத்தில் கும்பிட்டிருக்கிறேன். உன் ஈரத்தில் நின்று கும்பிட்டது குமுக்கனில்தான்.

ஆற்றைத் தாண்டினால் வறட்சி. நாவலடிக்குப் போகிற வழியில் தண்ணீருக்கு அருமை தெரியும். இராணுவத்தாரும் பிரதேச சபைகளும் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தாங்கிகளில் நிரப்பிவைக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும். என்றாலும் அதை நம்பி வெறுங்கையோடு நடக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு போத்தலாவது நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு காய்ந்த ஓடையில் சாமிமார் சிரட்டையால் மணலைத் தோண்டினார்கள். ஒரு முழம் போனதும் மணல் கறுத்தது. பிறகு கசிந்தது. கலங்கல் தெளியும்வரை எல்லோரும் சுற்றிக் குந்தியிருந்தோம். முதல் சிரட்டைத் தண்ணீரை வேலுக்கு ஊற்றி, இரண்டாவதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது ஒரு மிடறு. கோயில் தீர்த்தம் அதற்கு மேல் இனித்ததில்லை.

காட்டில் இது பாலைப்பழக் காலமும்கூட. மஞ்சளாகப் பழுத்துச் சொரியும் அந்தப் பழத்துக்காகக் கரடி மரமேறும். அதனால் அந்திக்குப் பிறகு யாரும் கூட்டத்தை விட்டு விலகக் கூடாது; விறகு பொறுக்கவும் ஒதுங்கவும் இரண்டு மூன்று பேராகத்தான் போக வேண்டும். குளங்களும் மோட்டைகளும் வற்றுகிற காலம் என்பதால் மிருகங்களெல்லாம் மிச்சத் தண்ணீரைச் சுற்றியே நிற்கும். நாம் தேடுகிற நிழலைத்தான் அவையும் தேடுகின்றன. வேல் தாங்கிய பெரிய சாமி சொல்லித் தந்த முறை இது: விடியமுன் எழும்பி வெளிச்சம் வந்ததும் நடை, வெயில் ஏறினால் நிழல், வெயில் தாழ்ந்தால் மறுபடி நடை, இருட்டுமுன் அடுப்பு. படுக்கும்போது நடுவில் பிள்ளைகளும் பெண்களும், ஓரத்தில் ஆண்கள். காலையில் புறப்படுமுன் அடுப்பு நெருப்பைத் தண்ணீரும் மணலும் போட்டு அணைத்து, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வியாழைக்குக் கிட்ட வழியில் யானை நின்றது. யானை என்ற சொல்லை எங்கள் கூட்டத்தில் வாயில் எடுப்பதில்லை, பிள்ளையார் என்போம். தனியன். காதின் ஓரம் கிழிந்து தோரணமாகத் தொங்கியது. தும்பிக்கையால் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றது. அதன் மணம் எங்கள் பக்கம் வந்தது. சாணமும் புல்லும் வெயிலும் சேர்ந்த மணம். பெரிய சாமி கையைத் தாழ்த்தினார். எல்லோரும் நின்ற இடத்தில் உட்கார்ந்தோம். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை, கைத்தொலைபேசியைத் தூக்கவில்லை. பெத்தா கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணாவே, உன்ர தம்பியட்டத்தான் போறம். வழி விடு ராசா" என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். வள்ளியிடம் தம்பியைச் சேர்ப்பிக்க ஒருமுறை யானையாக வந்தவர்தானே அவர்! என் பயம் முழுவதும் அப்படியே கரைந்து ஒரு சிரிப்பாக மாறியது. நெடுநேரம் கழித்து அது பக்கவாட்டில் திரும்பி, கிளையை முறித்துக்கொண்டு பற்றைக்குள் போனது. அது நின்ற இடத்து மண்ணை எடுத்துப் பெத்தா எல்லோர் நெற்றியிலும் பூசினார்.

கட்டகாமத்தில் காடு முடிகிறது. அங்கே முதல் ஜீப்பைக் கண்டதும் எனக்கு வந்தது கவலைதான். அடுத்த நாள் மாணிக்க கங்கையில் முழுகி, ஈரத்தோடு கதிர்காமத்தான் சந்நிதிக்குப் போனோம். அங்கே கர்ப்பக்கிருகத்தில் பார்க்க விக்கிரகம் இல்லை. வள்ளி தெய்வானையோடு அவன் இருக்கும் திரைச்சீலை. அதற்குப் பின்னால் என்ன என்பது பூசை செய்யும் கப்புராளைமாருக்கு மட்டும் தெரியும். விழா இரவுகளில் மூடிய பேழையை யானைமேல் ஏற்றி வள்ளி கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். புதிதாக வருகிறவர்கள் முகம் காணவில்லையே என்று ஏங்குவதுண்டு. காடு வழியாக வந்த எங்களுக்கு அந்த ஏக்கம் இல்லை. அவன் முகத்தை நாங்கள் ஆற்றிலும் ஊற்றிலும் கண்டுவிட்டே வந்து நின்றோம். திரைக்கு முன்னால் நின்று நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

ஒன்றை மட்டும் வருகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். போன வழியிலேயே நான் கண்டேன்: வேள்வி போலச் சமைத்துச் சாப்பிட்ட இடங்களில் பொலித்தீன் பைகள், சோற்றுப் பொதி சுற்றிய தாள்கள், வெறும் போத்தல்கள். ஒரு புள்ளிமான் பிஸ்கட் உறையை மென்றுகொண்டு நின்றது. அதை விரட்டி வாயிலிருந்து பிடுங்கவா முடியும்? வள்ளியின் தோழிகள் மான்கள். சோற்றுக்கு வாழையிலை, பொருட்களுக்குத் துணிப்பை, தண்ணீருக்குத் திரும்பத் திரும்ப நிரப்பும் போத்தல் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். கொண்டுபோன வெறும் பையைக் கதிர்காமம் வரைக்கும் கொண்டுவந்து சேருங்கள். அதற்கு ஒரு கனமும் இல்லை.

திறக்கும் நாளும் மூடும் நாளும் வருடத்துக்கு வருடம் மாறும். அம்பாறைக் கச்சேரியிலோ, உங்கள் பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதிப்படுத்திய பிறகு பொத்துவிலுக்கு பஸ் ஏறுங்கள். முதல்நாள் பின்னேரமே உகந்தைக்கு வந்துவிடுங்கள். அன்னதான மடத்தில் சோறு கிடைக்கும், படுக்க மணல் இருக்கிறது. வேல் வைத்திருக்கிற எந்தக் கூட்டத்திடமும் போய், "சாமி, நானும் வரட்டா?" என்று கேளுங்கள். சேர்த்துக்கொள்வார்கள்.